மாமியார் எடுத்துத் தரும் மஞ்சள் சேலை பிடிக்கவில்லை, 8 வருடம் கழித்து எப்படிச் சொல்வது?

பெருமாள்புரம் மருமகள்:

இதை என் அம்மாவிடம் சொன்னால் "வாய மூடிட்டு உடுத்து" என்பார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னால் அப்படியே போய் அவர் அம்மாவிடம் ஒப்பித்துவிடுவார். கூட வேலை பார்ப்பவர்களோ "மாமியார் சேலை எடுத்துத் தர்றது ஒரு குறையா" என்பார்கள். அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமாகி 8 வருடம். நாங்கள் பாளையங்கோட்டையில் பெருமாள்புரத்தில் இருக்கிறோம். அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறார்கள், மாமா இறந்து 11 வருடம் ஆகிறது. மறுவீடு முடிந்து திரும்பி வந்த அன்று அத்தை எனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருந்தார்கள். பழுத்த மாம்பழ மஞ்சள், அகலமாக அரக்குக் கரை. எனக்கு மஞ்சள் நிறமே ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் புது வீடு, புது ஆட்கள், சுற்றிலும் நாத்தனார், சின்ன மாமியார், பக்கத்து வீட்டு ஆச்சி என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு அத்தை, எனக்கு மஞ்சள்னா உயிரு" என்று சொல்லிவிட்டேன். நல்லாருக்கு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த "உயிரு" எங்கிருந்து வந்தது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. அத்தை முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சின்ன மாமியாரைப் பார்த்து "பாத்தியா, நான் சொன்னேம்லா" என்றார்கள்.

அதிலிருந்து தீபாவளிக்கு மஞ்சள், என் பிறந்தநாளுக்கு மஞ்சள், மகள் பிறந்தபோது மஞ்சள், அவள் காதுகுத்துக்கு மஞ்சள். எலுமிச்சை, கடுகு, தாழம்பூ என்று எல்லாச் சாயலிலும் பீரோவில் 14 சேலை இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நானும் அதே மாதிரி விரித்துப் பார்த்து அதே மாதிரிதான் சொல்கிறேன். கல்லிடைக்குப் போகும் நாளில் அதில் ஒன்றை உடுத்திக்கொண்டு ரயில் ஏறுவேன், ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாற்றிவிடுவேன். வருடத்தில் நாலைந்து நாள்தானே, வயசானவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இப்போதுதான் சிக்கல். வருகிற பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் மொத்தமும் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம். போன வாரம் அத்தை போனில், "ஒனக்கு ஒரு பட்டு சொல்லிருக்கேன் பிள்ள, வீரவநல்லூர்ல தறிக்காரர்ட்ட, நல்ல மஞ்சளா" என்றார்கள். விலை கேட்டேன், சொல்லவில்லை. நாத்தனாரைக் கேட்டால், 18,000 ரூபாயாம். 3,000 முன்பணம் கொடுத்தாயிற்றாம், மீதி சீட்டுப் பணத்திலாம்.

அத்தை அப்பளம் இடுகிறவர்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று எல்லாரும் தேடி வாங்குகிறோமே, அதை வீட்டில் உட்கார்ந்து உருட்டித் தேய்த்துக் காயப்போட்டு அடுக்குகிற பெண்களில் அவர்களும் ஒருவர். எண்ணிக்கைக்குத்தான் கூலி. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது, எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். அந்தக் கூலியில் மாதம் 1,000 என்று 20 மாதச் சீட்டு கட்டி, எடுத்த பணத்தை நான் "உயிரு" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக மஞ்சள் பட்டில் போடுகிறார்கள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது சொன்னால் 8 வருடமாக நடித்தேன் என்பது வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பணம் 15-வது சேலையாகப் பீரோவில் போய் உட்காரும். சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் எப்படிச் சொல்வது?

டவுன் ஜவுளிக்காரன்:

டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் 19 வருடமாகச் சேலைப் பக்கம் நிற்கிறேன். மனசு சம்பந்தப்பட்டதை மற்றவர்கள் சொல்லட்டும், எனக்குத் தெரிந்தது சேலை. உங்களுக்கு நாள் குறைவாக இருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தறியில் பாவு ஏறிவிட்டதா என்று இன்றைக்கே விசாரியுங்கள். பாவு என்பது நீளவாக்கில் ஓடுகிற இழை. ஏற்றவில்லை என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை, நிறத்தை மாற்றிச் சொல்லலாம். ஏற்றிவிட்டார்கள் என்றால் அதை இறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரு பாவில் ஒரு சேலை மட்டும் நெய்ய மாட்டார்கள், இறக்கினால் தறிக்காரருக்குப் பெரிய நஷ்டம். ஆனால் அப்போதும் ஒரு வழி இருக்கிறது. குறுக்கே ஓடுகிற ஊடை நூலை மாற்றலாம். மஞ்சள் பாவில் சிவப்பு ஊடை போட்டால் தீக்கொழுந்து மாதிரி ஒரு நிறம் வரும், பச்சை ஊடை போட்டால் இளந்தளிர் மாதிரி வரும். உடுத்தி நடக்கும்போது ஒரு பக்கம் பார்த்தால் ஒரு நிறம், திரும்பினால் வேறு நிறம். மயில்கழுத்து என்று ஆசைப்பட்டு வாங்குகிறீர்களே, அதுவும் இரண்டு நிற இழை சேர்ந்து வருவதுதான். நெய்ய ஆரம்பித்துவிட்டால் இதுவும் முடியாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, எல்லாருக்குமாகச் சொல்கிறேன். பிடிக்காத சேலையை மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் ஃபால்ஸ் தைத்து, முந்தியில் குஞ்சம் கட்டி, ஒரு விசேஷத்துக்கு உடுத்தியும் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "அப்போ எப்படிச் சொல்றது, அவங்க முன்னால" என்பார்கள். மடிப்புக் கலையாமல் பில்லோடு வந்தால் நாங்களே மாற்றித் தரப் பார்ப்போம். குஞ்சம் கட்டியதை நாங்கள் யாருக்கு விற்பது? கொடுத்தவர் மனசு நோகக்கூடாது என்று நினைப்பது சரிதான், ஆனால் அப்படிக் காத்திருந்து காத்திருந்து பணம்தான் வீணாகிறது.

சிந்துபூந்துறைக்காரி:

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரருக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

2019-ல் எங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு என் சித்தி (அம்மாவின் தங்கை) ஒரு படம் கொண்டுவந்தார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் நீர்வீழ்ச்சி. சுவிட்சைப் போட்டால் உள்ளே விளக்கு ஓடித் தண்ணீர் விழுகிற மாதிரி தெரியும், குருவிச் சத்தமும் கேட்கும். பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் சித்திக்குப் பிள்ளைகள் கிடையாது, சின்ன வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். நானும் "ஹாலுக்கே இதான் அழகு சித்தி" என்று சொல்லி நடு ஹாலில் மாட்டினேன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர்களே போய் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழை இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. தாமிரபரணி ஏறி எங்கள் தெருவுக்குள் வந்து, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மொட்டை மாடியில் இருந்தோம். வடிந்த பிறகு கீழே வந்து பார்த்தால் கட்டில், மெத்தை, அரிசி, பிள்ளைகள் புத்தகம் எல்லாம் சகதி. தெருவே தன் வீட்டுச் சாமான்களை வாசலில் குவித்து வைத்திருந்தது. அந்தப் படம் மட்டும் சுவரில் உயரத்தில் இருந்ததால் ஒரு சொட்டு நனையவில்லை. நான் அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் குவியலின் மேலே வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு நியாயமாகத்தான் தெரிந்தது, இவ்வளவு போயிருக்கிறது, இதுவும் போகட்டும் என்று. சித்தியிடம் போனில் "படமும் வெள்ளத்துல போயிட்டு சித்தி" என்றேன். அழுதார்கள். படத்துக்காக இல்லை, எங்களுக்காகத்தான். ஆனாலும் நான் சொன்னதில் அதுவும் இருந்தது.

அடுத்த வருடம் சித்தி நாங்குநேரியிலிருந்து பஸ்ஸில் வந்து, புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் நிற்கிறார்கள், கையில் துணி சுற்றிய பெரிய சட்டம். அதைவிடப் பெரியது. சத்துணவு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், அந்தச் சின்ன பென்ஷனில் மாதாமாதம் எடுத்து வைத்து வாங்கியிருக்கிறார்கள். "ஒனக்கு அது எவ்வளவு இஷ்டம்னு எனக்குத் தெரியாதா, எல்லாம் போன வீட்டுல இதாவது இருக்கட்டும்" என்றார்கள்.

இப்போது அது ஹாலில் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் பார்க்கிறேன். இனி எந்தக் காலத்திலும் என்னால் உண்மையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் பிடிக்கவில்லை என்று சொல்வது ஒன்று, வெள்ளத்தை வைத்துப் பொய் சொன்னேன் என்பது வேறு. உங்களுக்கு இன்னும் முதல் கட்டம்தான். பணம் முழுசாகப் போவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

வயர்கூடை பேரன்:

நான் இதற்கு எதிராகச் சொல்லப் போகிறேன், கோபப்பட வேண்டாம்.

எங்கள் ஆச்சி ஆழ்வார்திருநகரியில் இருந்தாள். கண் மங்கி, கால் விழுந்து, வீட்டுக்குள்ளேயே இருந்தபோது அவளுக்கு இருந்த ஒரே வேலை வயர்கூடை பின்னுவது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எல்லா முடிச்சும் கையாலேயே தடவிப் போடுவாள். ஒவ்வொரு தடவை போகும்போதும் எனக்கு ஒரு கூடை. ஆம்பளைப் பையன், கல்லூரியில் படிக்கிறேன், பச்சையும் ரோஸும் கலந்த கூடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனால் "இதுலதான் ஆச்சி சோத்துப் பாத்திரம் கொண்டு போறேன், எல்லாரும் எங்க வாங்குனன்னு கேக்காங்க" என்பேன். முதல் இரண்டு வருடம் அது பொய். அப்புறம் வேலைக்குப் போன பிறகு நிஜமாகவே கொண்டுபோக ஆரம்பித்தேன், பொய் சொல்லி அலுத்துவிட்டது. ஆச்சி 86 வயதில் போனாள். 9 கூடை இருக்கிறது, ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் ஆச்சியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் கை சும்மா இருந்திருக்கும், அவ்வளவுதான். சில இடத்தில் பிடிக்காததைப் பிடித்தது என்பதுதான் மரியாதை. 18,000 ரூபாய் உங்கள் பணம் இல்லை, அவர்கள் சம்பாதித்தது, அவர்கள் ஆசைக்குச் செலவழிக்கிறார்கள். கோயிலில் நாலு பேர் முன்னால் மருமகள் தான் எடுத்துத் தந்த பட்டை உடுத்தி நிற்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஒருநாள் உடுத்திவிட்டுப் போங்கள்.

அம்பை டீச்சர்:

தம்பி வயர்கூடை பேரன், உங்கள் ஆச்சிக்கு நீங்கள் செய்தது சரி. ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. உங்கள் ஆச்சிக்குக் கூடை பின்னுவதே மருந்து, நீங்கள் வாங்கிக்கொண்டதால் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. இந்தப் பிள்ளையின் மாமியாருக்கு அப்பளம் இடுவது அப்படியா? நான் கொடுக்கிற பக்கத்தில் இருந்து பேசுகிறேன், எனக்கு 67 வயது, அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன்.

மகன் மருமகள் பெங்களூரில். கல்யாணமான முதல் வருடம் கூழ்வத்தலும் வெங்காய வடகமும் போட்டு அனுப்பினேன். மருமகள் போன் செய்து, "அத்தை, அருமை, கடையில வாங்குறதெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சித்திரைக்கு இரட்டிப்பாகப் போட்டேன். கூழ்வத்தல் போடுவது என்ன வேலை என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? முந்தின நாளே அரிசியை ஊறப்போட்டு அரைத்து, விடியுமுன் எழுந்து கூழ் கிண்டி, கை வலிக்க வலிக்கக் கட்டி விழாமல் கிளறி, சூடு ஆறுவதற்குள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், பழைய வேட்டியை விரித்து, குனிந்து குனிந்து வரிசையாக ஊற்ற வேண்டும். அப்புறம் காக்காய்க்குக் காவல். அக்கினி நட்சத்திர வெயிலில் மாடிப்படியில் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சாயந்திரம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரித்துத் திரும்பவும் இரண்டு நாள் காய வைக்க வேண்டும். இப்படி நாலு வருடம்.

ஐந்தாவது வருடம் அங்கே போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி, "நீங்கதானா அந்த வத்தல் போடுற அம்மா, ஒவ்வொரு வருஷமும் முழுசா எங்களுக்கே கொடுத்திருவாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் முகம் செத்துவிட்டது. அவளுக்கு எண்ணெய்ப் பலகாரமே ஆகாதாம், மகனும் உடம்பு பார்த்து விட்டுவிட்டானாம்.

உண்மையைச் சொல்கிறேன், மற்றவர்களுக்குக் கொடுத்ததில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. யாரோ தின்றார்கள், நல்லது. எனக்கு வலித்தது அந்த நாலு சித்திரை வெயில். முதல் வருடமே "அத்தை, நாங்க அதிகமா சாப்பிடறதில்ல, ஒரு பிடி போதும்" என்று சொல்லியிருந்தால் நான் ஒருநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அடுத்த நாள் சரியாகியிருப்பேன். அவள் என்னை நோகடிக்கக்கூடாது என்றுதான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அவள் நல்ல பிள்ளை. ஆனால் அவள் நல்ல பிள்ளையாக இருக்க நான் வெயிலில் நின்றேன்.

மொய் என்றால் நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்துவிடலாம். இதற்கு எந்த நோட்டு இருக்கிறது? உங்கள் அத்தை 20 மாதம் சுவரைப் பிடித்து எழுந்து கட்டிய சீட்டு அது. போய்ச் சொல்லுங்கள் அம்மா. போனில் வேண்டாம், நேரில் போங்கள். நாத்தனாரையும் பக்கத்து வீட்டு ஆச்சியையும் வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள், அவர்கள் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும், அது அவர்கள் பாத்தியதை.

மூன்றடைப்பு:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரரைத் தூது விடாதீர்கள். மகன் வாயால் கேட்டால் அது "ஒங்க மருமவளுக்கு ஒங்க சேலை ஆகாதாம்" என்றுதான் அவர்கள் காதில் விழும். என் வீட்டில் அப்படித்தான் ஆனது, ஒரு ஊறுகாய் விஷயம், இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. நேராகப் போய், "அத்தை, ஒண்ணு சொல்லணும், ஏசக்கூடாது" என்று ஆரம்பியுங்கள். மஞ்சள் எனக்கு எடுக்காது, யாரோ சொன்னார்கள், ஜாதகத்தில் ஆகாது என்றெல்லாம் புதுசாக ஒன்றைக் கட்டாதீர்கள். அதையும் காப்பாற்ற வேண்டிவரும்.

வயர்கூடை பேரன்:

டீச்சரம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த வெயில் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. என் கருத்தை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இந்த வீட்டுக்கு அது பொருந்தாது என்று ஒத்துக்கொள்கிறேன்.

பெருமாள்புரம் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தடவையாக மஞ்சள் உடுத்தாமல் போனேன், நீலக் காட்டன். அத்தை வாசலிலேயே பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்து மகள் தூங்கின பிறகு, அத்தை அப்பளம் அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் அடுக்கினேன். "ஏசக்கூடாது அத்தை" என்று ஆரம்பித்து மறுவீட்டு நாள் முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அத்தை அடுக்குவதை நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "பதினாலும் பிடிக்கலையா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. யோசித்துத்தான் சொன்னேன், காதுகுத்துக்கு எடுத்த கடுகு நிறம் எனக்கு நிஜமாகவே பழகிவிட்டது, மகள் பிறந்தபோது தந்த சேலையில் அவளைச் சுற்றித் தூக்கி வைத்திருந்தேன், அதனால் அதை விட மாட்டேன், மற்ற பன்னிரண்டும் பிடிக்கவில்லை என்று. பன்னிரண்டு என்று எண்ணிக்கை சொல்லும்போது வாய் கூசியது.

அத்தை சொன்னது இதுதான்: "ஒவ்வொரு தீவாளிக்கும் அம்பைல மூணு கடை ஏறி எறங்குவேன் பிள்ள. கடைக்காரன் வேற கலரு காட்டுவான், எம் மருமவளுக்கு மஞ்சள்தான் உயிரு, வேற எடுக்காதன்னு சொல்லுவேன்." அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. நான் கிளம்பும்போது, "இனிமே நீயே எடுத்துக்க, எனக்கு எடுக்கத் தெரியல" என்றார்கள். ரயிலில் வரும்போது அந்த வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் சொன்ன மாதிரி அவர்களுக்கு அந்தப் பாத்தியதை இருக்கிறது, ஆனாலும் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை நாத்தனார் மூலம் தறிக்காரரை விசாரித்தேன். பாவு ஏற்றியாகிவிட்டது, மஞ்சள்தான். நெய்ய இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஜவுளிக்கார அண்ணாச்சி சொன்னதை அப்படியே கேட்டேன், ஊடை மாற்றலாமா என்று. மாற்றலாம், இந்த வாரத்துக்குள் வந்து நூலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாராம். நான் பச்சை என்று நானாகச் சொல்லிவிடவில்லை. அத்தை வந்து பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான்தான் போன் செய்தேன். மகளிடம் பேசினார்கள், என்னிடம் "ம்" மட்டும்தான். வியாழக்கிழமை ராத்திரி அவர்களே கூப்பிட்டார்கள். ஊடை என்றால் என்ன என்று நாத்தனார் சொல்லி அவர்களுக்குச் சரியாக விளங்கவில்லை போல. நான் அண்ணாச்சி எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "திரும்புனா வேற கலரு தெரியுமோ?" என்று கேட்டார்கள். தெரியும் அத்தை என்றேன்.

"சரி, சனிக்கிழமை நீ எந்த ரயிலுக்கு வார? நான் கல்லிடைலேருந்து பஸ்ல வந்து வீரவநல்லூர் டேசன்ல நிக்கேன்" என்றார்கள்.